பாவாடை நாடாவில் 454 கோடி ஆண்டுகள்: டார்வின் நாளுக்கு ஒரு செய்முறை

பிப்ரவரி 12 சார்லஸ் டார்வின் பிறந்த நாள் (1809, இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரி). உலகில் பல ஊர்களில் இதை டார்வின் நாள் என்று கொண்டாடுகிறார்கள். எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்திலும் கொண்டாடினோம். முதல் வருடம் வெறும் உரை. இருபது நிமிடம் ஆனதும் பிள்ளைகள் மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். அடுத்த வருடம் உரையே வேண்டாம் என்று முடிவு செய்து, பூமியின் வயதை ஒரு நாடாவில் அளந்து கட்டி, அதன் ஓரமாக எல்லோரையும் நடக்கவிட்டோம். அந்த நாடாவை எப்படிச் செய்வது என்பதுதான் இந்தப் பதிவு. இடம் பிடிப்பது, அனுமதி வாங்குவது, டீ சொல்வது எல்லாம் உங்களுக்கே தெரியும்.

முதலில் நாடா

பூமியின் வயது சுமார் 454 கோடி ஆண்டுகள். 10 கோடி ஆண்டுக்கு ஒரு மீட்டர் என்று வைத்தால் 45 மீட்டர் 40 சென்டிமீட்டர் வரும். முடிச்சுப் போட இரண்டு பக்கமும் அரை மீட்டர் கூடுதலாக விடுங்கள்.

நைலான் கயிறு வேண்டவே வேண்டாம். இழுத்துக் கட்டினால் நீளும். அளந்து வைத்த குறியெல்லாம் நகர்ந்துவிடும். தேங்காய் நார்க் கயிற்றில் குறி போட முடியாது. என் சிபாரிசு பாவாடை நாடா. மலிவு, வெள்ளையாக இருக்கும், மார்க்கர் பிடிக்கும், அவ்வளவாக நீளாது. கடைக்காரர் "இவ்வளவு நாடா எதுக்கு?" என்று கேட்பார். "பூமிக்கு" என்று நான் சொன்ன பதில் எடுபடவில்லை.

அட்டைக்குப் பழைய கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கம் போதும். மாட்டுவதற்குத் துணி கிளிப். அட்டையின் இரண்டு பக்கமும் எழுதுங்கள், காற்றில் திரும்பிக்கொண்டே இருக்கும்.

நான் சறுக்கிய இடம்

பொறுமையாகப் படிக்க வேண்டிய பகுதி இது. தகவல்கள் பெரும்பாலும் மில்லியன், பில்லியன் கணக்கில்தான் கிடைக்கும். நமக்கு மனதில் ஓடுவதோ லட்சமும் கோடியும். டைனோசர்கள் அழிந்தது 66 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் என்று குறித்து வைத்திருந்தேன். அட்டை எழுதும் அவசரத்தில் அது 66 கோடி ஆகிவிட்டது. 6 மீட்டர் 60-இல் கொண்டுபோய் மாட்டிவிட்டேன். கேம்பிரியன் காலத் தொடக்கம் (பலவகை விலங்குகள் புதைபடிவங்களில் தென்படத் தொடங்கும் காலம், முதல் மீன்களும் அந்தக் காலத்தில்தான்) சரியான இடத்தில், அதாவது 5 மீட்டர் 40 அருகே இருந்தது. ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சார், டைனோசர் எல்லாம் செத்த அப்புறம்தான் மீனே வந்துச்சா?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

அன்று ராத்திரி உட்கார்ந்து கண்டுபிடித்த சூத்திரம் இது. நம் அளவுகோலில் ஒரு மில்லியன் ஆண்டு, அதாவது 10 லட்சம், சரியாக ஒரு சென்டிமீட்டர். அளப்பதற்குக் கோடியாக மாற்றவே தேவையில்லை. 66 மில்லியனா, 66 சென்டிமீட்டர். 375 மில்லியனா, 375 சென்டிமீட்டர். பில்லியன் வந்தால் பத்தால் பெருக்கி மீட்டராக எடுத்துக்கொள்ளுங்கள், 3.5 பில்லியன் என்றால் 35 மீட்டர். குறி போட்ட பிறகு, அட்டையில் எழுதும்போது மட்டும் கோடிக்கு மாற்றினால் போதும்.

இன்னொன்று, எந்த முனையிலிருந்து அளப்பது? எப்போதும் 'இன்று' என்ற முனையிலிருந்துதான். எல்லாத் தகவலும் 'இத்தனை ஆண்டுகளுக்கு முன்' என்றுதான் இருக்கிறது. ஆனால் நடப்பது மறு முனையிலிருந்து. ஆகவே 'இன்று' முனையை நூலக வாசல் தூணில் கட்டிவிட்டு, அங்கிருந்து தெருப் பக்கமாக அளந்துகொண்டே போங்கள். கொத்தனார் வைத்திருக்கும் 5 மீட்டர் டேப்பை ஒன்பது முறை எடுத்து வைத்தால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பிசகும். 30 மீட்டர் டேப் இரவல் வாங்குவது நல்லது.

என்னென்ன மாட்டுவது

பட்டியல் உங்கள் இஷ்டம். தெருமுனையில் பூமி. 35 மீட்டர் அருகே நுண்ணுயிர்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஸ்ட்ரோமட்டோலைட் படிவங்கள் (நுண்ணுயிர்கள் அடுக்கடுக்காக உருவாக்கிய பாறைகள்) ஏறக்குறைய அந்தக் காலத்தவை. 24 மீட்டர் அருகே காற்றில் ஆக்சிஜன் சேரத் தொடங்குகிறது. அதற்குப் பிறகு வெகுதூரம் அட்டையே இருக்காது. காலியாக இருக்கிறதே என்று எதையாவது போட்டு நிரப்பாதீர்கள். "இங்கே ஏன் ஒண்ணுமே இல்லை?" என்று பிள்ளைகள் கேட்பது அந்த நீளத்தில்தான். உயிர்கள் இருந்தன, ஆனால் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத அளவில் என்பதை அங்கே நின்று சொன்னால் நன்றாக ஏறும்.

3 மீட்டர் 75-இல் டிக்டாலிக்: மீனுக்கும் நான்கு கால் விலங்குக்கும் இடைப்பட்ட உடலமைப்பு, கனடாவின் வடகோடியில் கிடைத்த புதைபடிவம். ஒன்றரை மீட்டரில் ஆர்க்கியோப்டெரிக்ஸ்: டைனோசருக்கும் பறவைக்கும் இடைப்பட்ட, இறகுள்ள விலங்கு. 66 சென்டிமீட்டரிலிருந்து ஒரு மீட்டர் வரை அரியலூர்! ஆமாம், நம் அரியலூர்தான். அப்போது அங்கே கடல். சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக் கல் வெட்டுகிற அந்த மண்ணில்தான் அம்மோனைட் (சுருள் ஓடுள்ள, அழிந்துபோன கடல் உயிரினம்) படிவங்கள் கிடைக்கின்றன. எங்கள் நடையில் அதிக நேரம் கூட்டம் நின்றது இந்த அட்டைக்கு முன்தான்.

கடைசி 10 சென்டிமீட்டர்

இங்கே அட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். மனிதக் கிளையும் சிம்பன்சிக் கிளையும் பிரிந்தது ஏறத்தாழ 60-70 லட்சம் ஆண்டுகளுக்கு முன், அதாவது 6-7 சென்டிமீட்டர். திருவள்ளூர் மாவட்டம் அத்திரம்பாக்கத்தின் கற்கருவிகள் சுமார் 15 லட்சம், ஒன்றரை சென்டிமீட்டர். நம் இனமான ஹோமோ சேப்பியன்ஸ் சுமார் 3 லட்சம், வெறும் 3 மில்லிமீட்டர்.

அதனால் இந்தப் பத்து சென்டிமீட்டரை மட்டும் ஒரு மீட்டர் நீளச் சார்ட்டில் பெரிதாக்கி வரைந்து வாசலில் ஒட்டிவிடுங்கள். சார்ட்டில் ஒரு சென்டிமீட்டர் என்பது ஒரு லட்சம் ஆண்டு. கீழடியின் 2,600 ஆண்டுகளை நாடாவில் எங்கே குறிப்பது என்று தமிழாசிரியர் ஒருவர் கேட்டார். கணக்குப் போட்டால் 0.026 மில்லிமீட்டர், தலைமுடியின் பருமன்கூட இல்லை. கொஞ்ச நேரம் நாடாவின் நுனியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

(கிளைக்கதை: டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' வந்தது 1859. நான்கே ஆண்டில், 1863-இல், நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். பல்லாவரத்துக்குத் தனி அட்டை போட ஆசைதான். இடமில்லை.)

நிச்சயம் வரும் கேள்வி

"குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால் இப்போது ஏன் குரங்கு இருக்கிறது?" இதற்கு நான் படம் எதுவும் காட்டுவதில்லை. இன்றைய குரங்கு நமக்குப் பாட்டன் இல்லை, பங்காளி. ஒரே பாட்டன் வழியில் வந்த இரண்டு வீடுகள். நாம் இருக்கிறோம் என்பதற்காகப் பெரியப்பா பிள்ளைகள் ஊரைக் காலி செய்ய வேண்டுமா என்ன? நம்மூரில் இது சட்டென்று புரிந்துவிடுகிறது.

சாப்பாடு

டார்வின் நாளில் முடிந்த அளவு பலவகை உயிரினங்கள் இடம்பெறும்படி விருந்து வைக்கும் வழக்கம் வெளிநாடுகளில் உண்டு. நமக்கு இட்லி சாம்பாரே போதும். சாம்பாரில் எத்தனை வகைத் தாவரம் என்று எண்ணச் சொல்லுங்கள். பெருங்காயத்தை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். தக்காளி, கத்தரிக்காய், மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம் என்பதைக் கடைசியில் சொல்லுங்கள். மாவைப் புளிக்க வைக்கும் பாக்டீரியாவுக்காக யாராவது 35 மீட்டர் அட்டை வரை ஒரு நடை போய்வரலாம்.

பின்சேர்க்கை 1: "எங்களுக்கு மொட்டை மாடிதான் இருக்கிறது, 45 மீட்டருக்கு எங்கே போவது?" என்று ஒருவர் கேட்டிருந்தார். மாடியில் வளைத்து வளைத்துக் கட்டலாம், ஆனால் மூலைகளில் குழப்பம் வரும். பத்தில் ஒரு பங்காக்கி 4 மீட்டர் 54 என்று சுவரில் ஒட்டிவிடுங்கள். அப்போது ஒரு மில்லியன் ஆண்டு ஒரு மில்லிமீட்டர். நடக்கும் சுகம் மட்டும் கிடைக்காது.

பின்சேர்க்கை 2: 66 சென்டிமீட்டர் அட்டையில் 'டைனோசர்கள் அழிந்தன' என்று எழுதச் சொல்லியிருந்தேன். பறவைகளும் டைனோசர் வழிதானே என்று ஒரு வாசகி திருத்தினார். அவர் சொன்னது சரி. 'பறவைகள் தவிர மற்ற டைனோசர்கள் அழிந்தன' என்று மாற்றிக்கொள்ளுங்கள். இட்லிக்குப் பதில் சிக்கன் பிரியாணி போடுகிறவர்களுக்கு இது கூடுதல் வசதி.

பின்சேர்க்கை 3: நாடாவைச் சுருட்டும்போது பூமி முனையிலிருந்து தொடங்குங்கள். அடுத்த வருடம் 'இன்று' முனை வெளியே இருக்கும், நேராக வாசல் தூணில் கட்டிவிடலாம். என் நாடா இப்போது பீரோவில், 'இதை வெட்டக் கூடாது' என்ற சீட்டோடு இருக்கிறது. ஒரு அரை மீட்டர் ஏற்கெனவே போய்விட்டது; நல்லவேளை, அது முடிச்சுப் போட விட்ட பகுதி.