பெரிய பிச் போட்டால் வள்ளம் பறக்குமா?

வேகம் போதவில்லை என்றதும் எல்லோரும் செய்கிற முதல் காரியம் பெரிய ப்ரொபெல்லர் வாங்குவது. நானும் அதைத்தான் செய்தேன். 9.9 குதிரைசக்தி மோட்டாரில் 10 இஞ்ச் பிச் உள்ள ப்ரொபெல்லரைக் கழற்றிவிட்டு 12 மாட்டி, வலையும் ஐஸ் பெட்டியும் மூன்று ஆளும் ஏறி, த்ராட்டிலை முழுசாகத் திருகினால் மோட்டார் மேட்டில் மூட்டை இழுக்கிற மாட்டைப் போல முக்குகிறது, வள்ளமோ முன்பு போன வேகம்கூடப் போகவில்லை. காசு போனது போனதுதான், நீங்களாவது இந்த வரிசையில் போங்கள்.

ப்ரொபெல்லரில் 9¼ × 9 என்பது போல இரண்டு எண் இருக்கும். முதலாவது விட்டம், இரண்டாவது பிச். மரத்தில் திருகாணி இறங்குகிற மாதிரி, ஒரு சுற்றுக்கு எத்தனை இஞ்ச் முன்னே போகும் என்பதுதான் பிச். தண்ணீர் மரமில்லையே, வழுக்கும். அந்த வழுக்கல் எப்போதும் உண்டு.

1. அடிப்பாகத்தைச் சுரண்டுங்கள். பாசியும் கொட்டலசும் ஒட்டியிருக்கும்போது எடுக்கிற எந்த அளவும் வீண். அவ்வளவுதான்.

2. மோட்டாரின் உயரம். பலர் கவனிக்காத இடம் இது. வள்ளம் கரையில் இருக்கும்போது, அடிப்பாகத்தோடு ஒட்டி ஒரு நேரான சட்டத்தைப் பின்னால் நீட்டிப் பிடியுங்கள். ப்ரொபெல்லருக்கு மேலே தட்டையாக ஒரு தகடு இருக்கிறதே, அது சட்டத்துக்குச் சமமாக வரவேண்டும். இரண்டு மூன்று இஞ்ச் கீழே தொங்கினால் மோட்டாரின் கால் தண்ணீரை இழுத்துக்கொண்டே போகும். 15 இஞ்ச் பின்பலகையில் 20 இஞ்ச் ஷாஃப்ட் (அதாவது கால் நீளம்) உள்ள மோட்டாரைத் தொங்கவிட்டால் இப்படித்தான் ஆகும். பின்பலகை மேல் கட்டை வைத்து அரை இஞ்ச் அரை இஞ்சாக ஏற்றிப் பாருங்கள். திரும்பும்போது மோட்டார் திடீரென்று அலறி, தள்ளல் மட்டும் இல்லாமல் போனால் காற்றை உறிஞ்சுகிறது என்று அர்த்தம், அரை இஞ்ச் இறக்கிவிடுங்கள். குளிர்விக்கும் தண்ணீர் பீச்சுவது குறைந்தாலும் அப்படியே. ஒவ்வொரு தடவையும் கிளாம்பை முறுக்கி, மோட்டாரை வள்ளத்தோடு கயிறு போட்டுக் கட்ட மறக்காதீர்கள்.

3. சாய்வு. மோட்டார் பிராக்கெட்டில் வரிசையாகத் துளைகளும் அதில் செருகுகிற ஒரு பின்னும் (கம்பி) இருக்கும். மோட்டார் பின்பலகையை விட்டு ரொம்ப விலகினால் அணியம் (வள்ளத்தின் முன்பக்கம்) எழுந்து எழுந்து விழும், ரொம்ப ஒட்டினால் அணியம் தண்ணீரைக் கொத்தும். ஓடும்போது அந்தத் தகடு நீர்மட்டத்துக்கு இணையாக இருந்தால் சரி. பின்னைத் தொடுவதற்கு முன்னால் ஐஸ் பெட்டியை இரண்டு அடி முன்னே நகர்த்திப் பாருங்கள், அதற்குச் செலவே இல்லை.

4. அளந்து பாருங்கள். மோட்டார் நிமிடத்துக்கு எத்தனை சுற்று (ஆர்பிஎம்) சுற்றுகிறது என்று காட்ட, ஸ்பார்க் பிளக் வயரில் சுற்றுகிற சின்ன டேக்கோமீட்டர் ஒன்று வாங்குங்கள், வேகத்துக்கு போன் ஜிபிஎஸ் போதும். தொழிலுக்குப் போகும்போது எவ்வளவு பாரம் இருக்குமோ அவ்வளவும் ஏற்றி, நீரோட்டத்தோடு ஒரு தடவை, எதிரே ஒரு தடவை ஓட்டிச் சராசரி எடுங்கள். இழுபட்டால் மோட்டாரை நிறுத்திவிடும் கில் சுவிட்ச் கயிறு கையில் மாட்டியிருக்கட்டும்.

5. இப்போதுதான் பிச். முழுத் திருகலில் எத்தனை ஆர்பிஎம் ஓடவேண்டும் என்று மோட்டாரின் கையேட்டில் இருக்கும். என்னுடையதற்கு 4500 முதல் 5500. நான் 12 பிச் போட்டபோது 4300தான் வந்தது, பழைய 10க்கு 4700. ஒரு இஞ்ச் பிச் குறைத்தால் ஏறக்குறைய 200 ஆர்பிஎம் ஏறும் என்பது பொதுக் கணக்கு, அதன்படி 9 வாங்கினேன், 4900 வந்தது, பாரத்தோடு வேகமும் ஏறியது. சின்ன பிச்சில் வேகம் கூடுமா என்று கேட்டவர்கள் வந்து ஓட்டிப் பார்த்தார்கள். உங்களுக்கு ஆர்பிஎம் வரம்பைத் தாண்டினால் எதிர்ப்பக்கம், பிச்சைக் கூட்டுங்கள்.

வழுக்கலையும் கணக்குப் போடலாம். கியர் 2:1 என்றால் 4900இல் ப்ரொபெல்லர் நிமிடத்துக்கு 2450 சுற்று சுற்றும், 9 இஞ்சால் பெருக்கி மணிக்கணக்கில் மாற்றினால் மணிக்குச் சுமார் 18 கடல் மைல். ஜிபிஎஸ் 13 காட்டினால் வழுக்கல் 28 சதவீதம். பாரம் ஏற்றிய வள்ளத்துக்கு அது குறையில்லை.

ஸ்டீலா அலுமினியமா? பாறைக் கரையில் ஓட்டுகிறவருக்கு அலுமினியம்தான் என்பேன். முட்டினால் ப்ரொபெல்லர் இலை வளையும், கியர் பிழைத்துக்கொள்ளும்.

6. மாட்டுவது. முதலில் பிளக் வயரைக் கழற்றிவிடுங்கள். இலைக்கும் தகட்டுக்கும் நடுவே கட்டை கொடுத்து நட்டைக் கழற்றுங்கள். வாஷர்கள் எந்த வரிசையில் வந்தனவோ அதை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ப்ரொபெல்லர் ஷாஃப்டில் கிரீஸ் தடவி மாட்டி, நட்டு கழலாமல் பிடிக்கிற ஸ்பிலிட் பின்னைப் புதிதாகப் போடுங்கள். அதற்கு முன் ஷாஃப்டின் அடியை விரலால் தடவிப் பாருங்கள், நைலான் நூல் முடி மாதிரி சுற்றிக் கிடக்கும். விட்டால், தண்ணீர் உள்ளே போகாமல் தடுக்கிற ஆயில் சீல் வளையத்தை அறுத்துவிடும். கியர் ஆயில் பால் டீ நிறத்தில் வந்தால் தண்ணீர் உள்ளே போய்விட்டது, ப்ரொபெல்லரை அப்புறம் பார்க்கலாம், முதலில் அந்த சீல் வளையத்தை மாற்றுங்கள்.