இறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், உழவர் அட்டையில் இன்னொரு பெயர்

உசிலம்பட்டிப் பக்கம் இரண்டு ஏக்கர் புன்செய் வைத்திருந்த என் தந்தை 2019இல், தமது 63ஆம் வயதில், வீட்டிலேயே காலமானார். முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் அவர் உறுப்பினர் என்பதும், 65 வயதுக்குள் இறந்தால் ஈமச்சடங்குச் செலவுக்கென அப்போது 2,500 ரூபாயும் அதனுடன் இயற்கை மரண உதவித்தொகையும் உண்டு என்பதும் கருமாதி முடிந்த பிறகுதான் எங்களுக்கு நினைவுக்கு வந்தன. (தேர்ப்பாடைக்கும் கொட்டுக்குமே அந்த 2,500 போதாது, இருந்தாலும் கடனில் ஒரு பகுதியாவது குறையுமே.)

தாலுகா அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் கொடுத்த மனு திரும்பி வந்தது. 21 நாள் கெடுவுக்குள் இறப்பைப் பதிவு செய்யப் போன என் தம்பி, ஊரார் அழைக்கும் பெயரையே சொல்லி எழுத வைத்திருந்தான். அந்தத் திட்டத்தின் உறுப்பினர் அட்டையான உழவர் அட்டையிலும் குடும்ப அட்டையிலும் இருந்ததோ பள்ளிக்கூடப் பெயர். தவறு எங்களுடையதுதான்.

இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கினால் போதும் என்று பலரும் சொன்னார்கள். ஆனால் பட்டா மாற்றத்துக்கும் வங்கிக்கும் அதே இறப்புச் சான்றிதழ்தான் தேவைப்படும் என்பதால், 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி மூலப் பதிவையே திருத்தக் கேட்டேன். தந்தையை நன்கு அறிந்த இருவரின் உறுதிமொழியையும், ஆதார், குடும்ப அட்டை நகல்களையும் பதிவாளரிடம் கொடுத்தேன். திருத்திய சான்றிதழோடும் வாரிசுச் சான்றிதழோடும் மீண்டும் கொடுத்த மனு, கிராம நிர்வாக அலுவலர் விசாரணைக்குப் பின் ஏற்கப்பட்டது. பணம் அம்மாவின் வங்கிக் கணக்கில் வரவானது.