தட்டு தனியா என்று கேளுங்கள்

காசநோய்க்கு மாத்திரை சாப்பிடும் ஒரு பெண்ணிடம் "உங்களை வீட்டில் ஒதுக்கிவைக்கிறார்களா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். வடசென்னையில் வீடு வீடாக நான் கேட்ட பதில் அதுதான். அதைப் பொய் என்று குறித்துக்கொள்ள வேண்டாம். ஒரே அறையில் கூடமும் அடுப்பும் இருக்கிற வீட்டில், மாமியார் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது அவர் வேறென்ன சொல்ல முடியும்? தவிர, பல வீடுகளில் தட்டையும் டம்ளரையும் தனியே எடுத்து வைத்தவர் அந்தப் பெண்ணேதான். தானே ஒதுங்கிக்கொண்டவரிடம் யார் ஒதுக்கினார் என்று கேட்டால் அவருக்குக் கேள்வியே புரிவதில்லை.

சமூகவியல் படித்துவிட்டு முதல்முறை களத்துக்குப் போகும் மாணவிகளுக்காக இதை எழுதுகிறேன். மாணவர்களுக்கும்தான். ஆனால் ஆண்கள் ஒரு பெண் தோழியோடு போவது நல்லது.

போவதற்கு முன்

நம் வருகையால் அவருடைய நோய் தெருவுக்குத் தெரிந்துவிடக்கூடாது. மற்ற எல்லாம் இதற்கு அடுத்ததுதான். கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டு, "டிபி வந்த வீடு எது?" என்று பெட்டிக்கடையில் வழி கேட்டால், ஆய்வு தொடங்குவதற்கு முன்பே அந்தப் பெண்ணுக்குக் கெடுதல் செய்துவிட்டோம். அதே தெருவில் நோய் இல்லாத சில வீடுகளிலும் உட்கார்ந்து வீட்டுவேலை, உடல்நலம், மருத்துவச் செலவு பற்றிக் கேளுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் பேட்டிகள் உண்மையிலேயே தேவைப்படும். ஒரு வீட்டுக்கு மட்டும் ஏன் வந்தார்கள் என்ற பேச்சும் எழாது.

தொலைபேசியில் அழைக்கும்போது கணவரோ மகனோ எடுத்தால் என்ன சொல்வது என்பதை அவரிடமே முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் நோயின் பெயர் போட்டு எதுவும் அனுப்பாதீர்கள். பல வீடுகளில் ஒரே போன்தான், அது பிள்ளைகள் கையில் இருக்கும். ஒப்புதல் படிவத்தை முழுமையாகப் படித்துக் காட்டுங்கள். அதன் பிரதியை வீட்டில் வைத்துக்கொள்வதா, நம் அலமாரியில் பத்திரப்படுத்துவதா என்பதை அவர் முடிவு செய்யட்டும். இந்த ஏற்பாட்டை நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பும் விண்ணப்பத்திலேயே எழுதி அனுமதி வாங்கிவிடுங்கள்.

எங்கே, எப்போது

தண்ணீர் பிடித்து, சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய பிறகு வருகிற காலை பதினொரு மணி நல்ல நேரம். வீட்டு வாசலில் பேச்சு ஓடாது. குடிசை மாற்று வாரியக் குடியிருப்புகளில் படிக்கட்டுத் திருப்பம்கூட யாரோ ஒருவர் உட்காரும் இடம்தான். மாத்திரை வாங்கப் போகும் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அவரோடு நடந்து போனால், போய்வரும் வழியில் பேச்சு தானாக வரும். ரேஷன் கடை வரிசையில் மட்டும் வேண்டாம். அங்கே எல்லோருடைய காதும் திறந்திருக்கும். பேட்டிக்காக அரை நாள் வேலையை விட்டு வருகிறவருக்கு அந்தக் கூலியைக் கொடுத்துவிடுங்கள். அதைச் சலுகையாக நினைக்காதீர்கள்.

என்ன கேட்பது

பொருள்களைப் பற்றிக் கேளுங்கள். ஒதுக்கல் என்பது வீட்டுக்குள் பாத்திரமாகவும் பாயாகவும்தான் இருக்கிறது. "சாப்பிட்ட தட்டை யார் கழுவுகிறார்கள்? நோய்க்கு முன்பும் அப்படித்தானா? பாயை எந்தப் பக்கம் விரிக்கிறீர்கள்? கைக்குழந்தை இப்போது யாரிடம் தூங்குகிறது?" இப்படிக் கேட்டால் மாமியார் பக்கத்தில் இருந்தாலும் அவர் பதில் சொல்வார், பல நேரம் மாமியாரும் சேர்ந்து சொல்வார். பிறகு மெதுவாக, "தனித்தட்டு வைக்கலாம் என்று முதலில் சொன்னது யார்?" என்று கேளுங்கள். அங்கே ஒரு மௌனம் விழும். அதை நிரப்பாதீர்கள்.

மாத்திரை எங்கே இருக்கிறது என்று கேட்கத் தவறாதீர்கள். அரிசி டிரம்முக்குப் பின்னால், பீரோவில் புடவைக்கு அடியில், பக்கத்துத் தெருவில் அக்கா வீட்டில் என்று பதில்கள் வந்திருக்கின்றன. காசநோய் மாத்திரைகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும். பொதுக் கழிப்பறையைப் பயன்படுத்தும் பெண்ணுக்கு அது பெரிய கவலை. ஒரு வாளித் தண்ணீர் கூடுதலாகத் தூக்கிக்கொண்டு போகிறார். 1963-இல் களங்கம் பற்றி எழுதிய சமூகவியலாளர் எர்விங் காஃப்மன், பார்த்தவுடன் தெரியும் குறையையும் மறைத்துவிடக்கூடிய குறையையும் பிரித்துக் காட்டினார். இரண்டாவது வகையில், யாருக்குச் சொல்வது, யாரிடம் மறைப்பது என்பதே நாள் முழுவதும் செய்கிற வேலையாகிவிடுகிறது. அந்த வேலையை அந்த வாளியில் பார்க்கிறேன். நம் வீடுகளில், நோய் கணவருக்கு வந்தாலும் மறைக்கும் வேலை பெரும்பாலும் மனைவியின் தலையில்தான் விழுகிறது.

ஆகவே ஆண் நோயாளியின் வீட்டுக்கும் போங்கள். நம் நாட்டில் காசநோயாளிகளாகப் பதிவாகிறவர்களில் ஆண்களே அதிகம். அவர் படுத்திருந்தபோது கஞ்சி வைத்தது யார், மருத்துவமனைக்குக் கூடப் போனது யார் என்று கேட்டுவிட்டு, அதே கேள்விகளைப் பெண் நோயாளியிடமும் கேளுங்கள். "உங்களுக்கு முடியாதபோது சமைத்தது யார்?" என்ற கேள்விக்கு "நான்தான்" என்று சொன்ன பெண்கள் பலர். சிலர் தாய் வீட்டுக்கு அனுப்பப்பட்டிருப்பார்கள். அப்படியானால் யார் கூப்பிட்டுத் திரும்பி வந்தார்கள் என்றும் கேட்க வேண்டும்.

பணத்தையும் விட்டுவிடாதீர்கள். சத்துணவுக்காக ஒன்றிய அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாய் நோயாளியின் வங்கிக் கணக்கில் போட்டது. 2024 நவம்பர் முதல் அது 1000 ரூபாய். அது யார் பெயரில் உள்ள கணக்குக்கு வந்தது, அதில் வாங்கிய முட்டை யார் தட்டுக்குப் போனது? குடும்பத்துக்குள் யார் கை ஓங்கியிருக்கிறது என்பது இந்தக் கேள்வியில் தெரிகிற அளவுக்கு வேறு எதிலும் எனக்குத் தெரிந்ததில்லை.

மாமியாரின் பயம்

மாமியாரைக் கொடுமைக்காரியாக எழுதிவிடுவது எளிது. அவரிடமும் உட்காருங்கள். தாம்பரத்தில் டாக்டர் சௌரி முத்து 1928-இல் தொடங்கிய, காசநோயாளிகளைத் தங்கவைத்துப் பார்க்கும் சானடோரியத்தின் பெயரை மின்சார ரயில் நிலையம் இன்றும் சுமக்கிறது. குணமாக்கும் மருந்து இல்லாத காலத்தில் அங்கே போனவர்களில் பலர் வீடு திரும்பவில்லை. அந்தப் பெயரைத் தாழ்ந்த குரலில் சொல்லக் கேட்டு வளர்ந்த தலைமுறை இவர். பேரப்பிள்ளைகளைக் காக்க வேண்டும் என்ற எண்ணத்தில்தான் டம்ளரைப் பிரிக்கிறார்.

அந்தப் பயத்துக்குப் பதில் கிடைத்ததும் இதே ஊரில்தான். இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1956-இல் ஒரு மருந்துச் சிகிச்சை மையமாகத் தொடங்கப்பட்டது. நகரத்து ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினருக்குச் சானடோரியத்திலும், மற்றவர்களுக்கு அவரவர் வீட்டிலும் ஓராண்டு ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1959-இல் வெளியான முடிவின்படி, நெரிசலான வீடுகளில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமடைந்தார்கள். தொடர்ந்து கவனித்தபோது, வீட்டில் வைத்துப் பார்த்ததால் உடன் வாழ்ந்தவர்களுக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. வீட்டிலிருந்தே சிகிச்சை பெறலாம் என்பதை உலகம் ஏற்றுக்கொள்ள இந்த ஆய்வு பெரிய காரணம்.

பேட்டி முடியும்போது பலரும் கேட்பார்கள்: "தட்டைப் பிரிக்கத்தான் வேண்டுமா?" ஆய்வு கெட்டுவிடும் என்று வாயை மூடிக்கொண்டு எழுந்து வருவதில் எனக்கு உடன்பாடில்லை. கேள்விகளை முடித்த பிறகு சொல்லிவிடுங்கள்: இது இருமலிலும் தும்மலிலும் காற்று வழியாகப் பரவும் நோய், தட்டாலும் டம்ளராலும் பரவாது, ஜன்னலைத் திறந்துவையுங்கள், இருமும்போது வாயை மூடிக்கொள்ளுங்கள், மாத்திரையை நடுவில் நிறுத்தாதீர்கள். அதற்கு மேல் கேட்டால் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

எழுதும்போது

பெயரை மாற்றினால் போதும் என்று நினைக்க வேண்டாம். "கணவர் ஆட்டோ ஓட்டுகிறார், மாமியார் இட்லிக் கடை வைத்திருக்கிறார், இரண்டும் பெண் பிள்ளைகள்" என்று எழுதினால் அந்தத் தெருவுக்கு ஆள் தெரிந்துவிடும். மூத்தவளைப் பெண் கேட்டு வருகிறவர்கள் காதுக்கும் அது எட்டும். வாதத்துக்குத் தேவையில்லாத அடையாளங்களை எடுத்துவிடுங்கள் அல்லது மாற்றிவிடுங்கள். தெருப் பெயர் எங்கும் வேண்டாம். ஒலிப்பதிவை எழுதி முடித்துச் சரிபார்த்ததும், ஒப்புதலில் சொன்ன நாளுக்குள் அழித்துவிடுங்கள்.

ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முன் ஒருமுறை திரும்பிப் போய், அவரைப் பற்றி எழுதிய பக்கங்களை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். ஒரு வரியை எடுத்துவிடச் சொன்னால் காரணம் கேட்காமல் அவர் கண் முன்னாலேயே அடித்துவிடுங்கள்.