சிங்களக் கடிதத்தைப் போனில் மொழிபெயர்ப்பது எப்படி?

இலங்கையின் வடக்கே ஒட்டுசுட்டானிலோ மாங்குளத்திலோ ஒரு வீட்டுக்குச் சிங்களத்தில் மட்டும் கடிதம் வந்தால், வாசித்துச் சொல்ல ஆள் தேடி அலைவதுதான் வழக்கம். கூகுள் மொழிபெயர்ப்பில் 2011இல் தமிழும் 2014இல் சிங்களமும் சேர்ந்தபின் அந்த அலைச்சல் கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஆனால் அதை எதுவரை நம்பலாம் என்று தெரிந்துகொண்டே பாவிக்க வேண்டும்.

முதலில் கடிதத்தை மேசையில் விரித்து, நிழல் விழாமல் நேராகப் படம் எடுங்கள். அடையாள அட்டை இலக்கத்தை ஒரு துண்டுத் தாளால் மறையுங்கள். அச்செழுத்து பெரும்பாலும் சரியாக வரும். கையெழுத்தையும் முத்திரை விழுந்த இடத்தையும் நம்ப வேண்டாம்.

அடுத்து, படத்திலிருந்து எழுத்தைப் பிரதி எடுத்து மொழிபெயர்ப்புப் பெட்டியில் ஒட்டுங்கள். தாளில் வரி உடையும் இடத்தில் வசனமும் முடிந்ததென்று கருவி எடுத்துக்கொள்ளக்கூடும். அதனால் முற்றுப்புள்ளி வரும்வரை வரிகளைச் சேர்த்துவிடுங்கள்.

இனித்தான் முக்கியமான வேலை. சிங்களமும் தமிழைப் போல வினையைக் கடைசியில் வைக்கும். யார் செய்ய வேண்டும் என்பதைச் சொல்லாமலும் விடும். ஆங்கிலத்தில் அப்படி விடுவது கடினம். கருவி ஆங்கிலம் வழியாகச் சுற்றி வந்தால், தானாகவே ஒரு ஆளைப் போட்டுவிடும். காணிக் கடிதத்தில் 'பெர்மிட் பிரதியைச் சமர்ப்பிக்க வேண்டும்' என்றிருப்பது 'அவர் சமர்ப்பிக்க வேண்டும்' என்று வரலாம். கொண்டுபோக வேண்டியவர் நீங்கள்! தமிழ் சரளமாக இருப்பதால் பிழை கண்ணில் படாது. ஆகவே அதே வசனத்தை ஆங்கிலத்திலும் போட்டுப் பாருங்கள். இரண்டும் முரண்பட்டால், சிங்களம் தெரிந்த ஒருவரிடம் அந்த வசனத்தை மட்டுமாவது காட்டுங்கள்.

இலக்கங்களை நீங்களே சரிபார்க்கலாம்; சிங்களக் கடிதத்திலும் அதே 1, 2, 3 தான். 2024.05.06 என்றிருந்தால் அது மே 6, ஜூன் 5 அல்ல.

கடிதம் எதைப் பற்றியது, எங்கே எப்போது போக வேண்டும் என்று அறிய இவ்வளவும் போதும். இதை நம்பிக் கையொப்பம் மட்டும் வைக்காதீர்கள். அரச கடிதம் என்றால் தமிழிலேயே கேளுங்கள். 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. வடக்கு கிழக்கில் நிர்வாக மொழியும் தமிழ்தான். கடிதத்தின் இலக்கத்தையும் திகதியையும் குறித்து, 'இதன் தமிழ்ப் பிரதியை அனுப்பி உதவவும்' என்று எழுதினால் சரி. பதிவுத் தபாலில் போட்டு, பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.