கடலோரக் கொல்லையில் குருவிகளுக்குத் தீனி வைப்பது எப்படி?

எங்கள் வீடு ராமேஸ்வரம் போகும் வழியில் இருக்கும் மண்டபம் ஊர்ப் பக்கம். கொல்லையில் ஒரு முருங்கை, ஒரு வேம்பு, அவ்வளவுதான். அதற்கே தேன்சிட்டும் கொண்டைக்குருவியும் வருகின்றன. அவற்றைத் திண்ணையில் உட்கார்ந்தே பார்க்க வேண்டுமா, இப்படிச் செய்யுங்கள்.

1. தண்ணீர். எங்கள் ஊரில் தீனியைவிட இதற்குத்தான் கூட்டம். அகலமான மண்சட்டியில் இரண்டு விரல் ஆழம், நடுவில் ஒரு கல். கிணற்றுத் தண்ணீர் உப்பு. குடிக்க வாங்குகிற தண்ணீரிலேயே ஒரு செம்பு ஊற்றுங்கள். தினமும் மாற்றாவிட்டால் கொசு முட்டையிடும்.

2. தீனி. பெரிய சிரட்டையில் (கொட்டாங்குச்சி) மழைநீர் வடிய அடியில் ஓர் ஓட்டை, கட்டுவதற்கு விளிம்பில் மூன்று. சில்லை என்னும் சின்னக் குருவிகளுக்குத் தினை, கொண்டைக்குருவிக்குக் கனிந்த பப்பாளி. உப்புப் போட்ட சோறும் மிக்சரும் வேண்டாம். கடையில் விற்கும் பிளாஸ்டிக் கூண்டைவிடச் சிரட்டைதான் எனக்குப் பிடிக்கும்.

3. கட்டுவது. இங்கேதான் நான் தவறு செய்தேன். இரும்புக் கம்பி உப்புக்காற்றில் துருப்பிடித்து அறுந்தது. அப்புறம் வீட்டில் கிடந்த தங்கூசி நரம்பால், அதாவது மீன்பிடிக்கும் நைலான் இழையால், கட்டினேன். ஒரு மதியம் சத்தம் கேட்டு ஓடினால், கொண்டைக்குருவி ஒன்று தலைகீழாகத் தொங்குகிறது; காலில் நரம்பு மூன்று சுற்று. துண்டால் தலையை மூடிப் பிடித்து, நகவெட்டியால் ஒவ்வொரு சுற்றாக வெட்டினேன். கைக்குள் அதன் நெஞ்சு படபடவென்று அடித்தது. வாலடிச் சிவப்பை அவ்வளவு பக்கத்தில் அன்றுதான் பார்த்தேன். அது பறந்து முருங்கையில் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

தங்கூசி வேண்டவே வேண்டாம். சுண்டுவிரல் கனத்தில் தேங்காய்நார்க் கயிறு போதும். கிழிந்த வலைத்துண்டு கொல்லையில் கிடந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

4. இடம். மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும்போது வீட்டுக்குக் கிழக்கே, வடகிழக்கிலிருந்து வாடைக்காற்று அடிக்கும்போது மேற்கே. பூனை தாவ முடியாத உயரம்.

கமெண்டில் கேட்டவர்களுக்காகச் சேர்க்கிறேன்: எறும்புக்குக் கயிற்றில் கிரீஸ் தடவாதீர்கள், சிறகில் ஒட்டிக்கொள்ளும். பழத்தை விடிந்ததும் ஒரு துண்டு வைத்து, பத்து மணிக்குள் எடுத்துச் சிரட்டையைக் கழுவிவிடுங்கள்.

தேன்சிட்டுக்குச் சர்க்கரைத் தண்ணீர் நான் வைப்பதில்லை. இந்த வெயிலில் சீக்கிரம் புளித்துவிடும். செம்பருத்தியும் இட்லிப்பூவும் நடுங்கள். ஆண் ஊதாத் தேன்சிட்டு நிழலில் வெறும் கறுப்பு. வெயிலுக்கு வந்து தலையைத் திருப்பும்போது நீலமும் ஊதாவும் மாறி மாறி மின்னும். மஞ்சள் வயிற்றின் நடுவே கறுப்புக் கோட்டோடு வருவது வேறு குருவியா என்று ஒருவர் கேட்டிருந்தார். அதே ஆண்தான். குஞ்சு பொரிக்கும் காலம் முடிந்ததும் அப்படி நிறம் மாறிவிடும்.