செவ்வரத்தம்பூவில இருந்து ஒரு டிசைன்: முதல் தடவை செய்யுறவைக்கு

டிசைன் செய்ய ஆசை, ஆனா ஐடியா வருதில்லை எண்டு கனபேர் கேக்கினம். போனில தேடினா மத்தவை செய்து முடிச்சதைத்தான் காட்டும், அதைப் பாத்துக் கீறினா அதே மாதிரித்தான் வரும், அதால போனை வச்சிட்டு வெளிய போங்கோ. எங்கட கொழும்புக்கு 2018ல ராம்சார், அதாவது ஈரநிலங்களைப் பாதுகாக்கிற சர்வதேச ஒப்பந்தத்தின்ர கீழ, ஈரநில நகரம் எண்ட அங்கீகாரமே கிடைச்சிருக்கு, பாக்கிறதுக்கு இங்க ஒண்டும் குறைவில்லை. விகாரமகாதேவி பூங்கா, வெள்ளவத்தைக் கால்வாய்க் கரை, ஒண்டும் ஏலாட்டி பிளாட் வாசல்ல நிக்கிற செவ்வரத்தை போதும்.

தேவையானது: ஏ4 பேப்பர், பென்சில், கறுப்புப் பேனை, பாகைமானி, கத்தரிக்கோல், செல்லோடேப்.

முதல் வேலை பாக்கிறது. காலமையே போங்கோ, செவ்வரத்தம்பூ அநேகமா ஒரு நாள்தான் விரிஞ்சிருக்கும், பின்னேரம் வாடிப்போடும். அடுக்குச் செவ்வரத்தை வேண்டாம், அஞ்சு இதழ் உள்ளதை எடுங்கோ. உடன கீறாம, இதழ்கள் எப்பிடி அடுக்கியிருக்கு எண்டு பாருங்கோ. ஒவ்வொரு இதழும் ஒரு பக்கத்து இதழுக்கு மேலயும் மத்தப் பக்கத்து இதழுக்குக் கீழயும் போகும், அதாலதான் அந்தப் பூ காத்தாடி மாதிரிச் சுத்துற போலத் தெரியுது. அந்தச் சுத்துதான் உங்கட டிசைன், பூ இல்லை.

"ஏன் இப்பிடி இருக்கு?" எண்டும் கேளுங்கோ. ஜப்பான்ல புல்லட் ட்ரெயின் சுரங்கத்தால வெளிய வரேக்க வெடி மாதிரிச் சத்தம் வந்தது. ஏய்ஜி நக்கட்சு எண்ட இஞ்ஜினியர் பறவை பாக்கிற ஆள், மீன்கொத்தி பெருசாத் தண்ணி தெறிக்காமப் பாயுறதைக் கவனிச்சவர், அந்தச் சத்தத்தைக் குறைக்க 1997ல ஓடத் தொடங்கின 500 சீரிஸ் ட்ரெயினுக்கு வச்ச நீட்டு மூக்கு மீன்கொத்தியின்ர அலகில இருந்து வந்ததுதான். கால்வாய்க்கு மேல வயர்ல மீன்கொத்தி இருந்தா நிண்டு பாருங்கோ, எனக்கு இப்பவும் அலுக்கிறேல்ல.

அடுத்தது சுருக்கிறது. ஒரு வட்டம் கீறி 72 பாகைக்கு ஒருக்கா குறி வையுங்கோ, 360ஐ அஞ்சால பிரிச்சா அதுதான் வரும். முதல் பூவை உள்ளபடி, பிறகு நரம்பெல்லாம் விட்டு வெளிக்கோடு மட்டும், கடைசியா அஞ்சே அஞ்சு வளைஞ்ச கோடு. மூண்டையும் கீறுங்கோ, பிடிச்சதை எடுங்கோ.

இனித்தான் முக்கியமான இடம், துணியில வாற மாதிரி ஒரே டிசைன் தொடர்ந்து வரச் செய்யுறது. 20 சென்டிமீட்டர் சதுரம் வெட்டி நடுவில உங்கட பூவைக் கீறுங்கோ, விளிம்பில முட்டவே கூடாது. நான் முதல்ல முட்டக் கீறி, கோடு கோட்டோட சேராம நல்ல பிளவுஸ் துணி ஒண்டு வீணாப்போச்சு. இப்ப சதுரத்தை மேலிருந்து கீழ நடுவால வெட்டி, இடதை வலப்பக்கமும் வலதை இடப்பக்கமும் மாத்தி வச்சு பின்பக்கம் டேப் ஒட்டுங்கோ, பிறகு குறுக்கால நடுவால வெட்டி மேல் துண்டையும் கீழ்த் துண்டையும் மாத்தி ஒட்டுங்கோ. பூ நாலு மூலைக்கும் போயிடும், நடு வெறுமையா இருக்கும். அந்த வெறுமைக்குள்ள மொட்டு, இலை, என்ன விருப்பமோ கீறுங்கோ, திரும்பவும் விளிம்பு கவனம். காலி வீதியில எந்தப் போட்டோகொப்பிக் கடையிலயும் சைஸ் மாத்தாம நாலு கொப்பி எடுத்து, ஓரத்தை வெட்டிப்போட்டுச் சேத்து வையுங்கோ, பொருத்தே தெரியாது!

நிறத்துக்கு கொட்டம்பா மரத்தடிக்குப் போங்கோ. விழுற இலையில பச்சை, மஞ்சள், செம்மஞ்சள், கடுஞ்சிவப்பு எல்லாம் இருக்கும். நிழல்ல வச்சுப் படம் எடுங்கோ, மத்தியான வெயில் நிறத்தை வெளுக்கப் பண்ணிப்போடும். மூண்டு நிறம் காணும், ஒண்டு நிறைய, ஒண்டு அரைவாசி, அந்தக் கடுஞ்சிவப்பை மட்டும் பொட்டு வைக்கிற அளவுக்கு.