பழைய ஜீப்பின் ஆம்பியர் மீட்டரை வோல்ட் மீட்டராக மாற்றுவது எப்படி

பழைய மஹிந்திரா ஜீப் வைத்திருப்பவர்களுக்கு இந்த மீட்டரைத் தெரியும். நடுவில் சைபர், இடது பக்கம் மைனஸ், வலது பக்கம் பிளஸ், வண்டி ஓடும்போது முள் லேசாக வலது பக்கம் சாய்ந்து நிற்கும். பேட்டரிக்குள் கரன்ட் போகிறதா, வெளியே வருகிறதா என்று மட்டும் அது சொல்லும். பேட்டரி இப்போது எந்த நிலையில் இருக்கிறது, நாளைக்குக் காலையில் செல்ஃப் எடுக்குமா என்று கேட்டால் அதனிடம் பதில் கிடையாது. அதற்கு வோல்ட் தெரிய வேண்டும்.

இதைக் கழற்றுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. செல்ஃப் மோட்டார் இழுக்கும் கரன்டைத் தவிர, பேட்டரிக்குப் போகிற வருகிற கரன்ட் முழுக்க இந்த மீட்டரின் பின்னால் இருக்கும் இரண்டு போல்ட் வழியாகத்தான் ஓடுகிறது. டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் மாட்டி, கூடவே ஹாரன், ஃபாக் லைட் எல்லாம் சேர்த்த வண்டியில் 30 ஆம்பியர் மீட்டரால் அதைத் தாங்க முடியாது. நட்டு லேசாக லூஸ் ஆனாலே அந்த இடம் சூடாகி ஒயரின் பிளாஸ்டிக் உருகும். டேஷ்போர்டுக்குப் பின்னால் ஃபியூஸ் இல்லாத ஒயர் உருகினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சிகரெட் லைட்டரில் சொருகும் டிஜிட்டல் வோல்ட் மீட்டர் போதாதா என்றால், தாராளமாகப் போதும். ஆனால் மேல் பக்கம் திறந்த ஜீப்பில் மத்தியான வெயிலில் அந்தச் சிவப்பு எண்கள் கண்ணுக்கே தெரியாது, முள் தெரியும். எனக்கு அது ஒன்றே போதுமான காரணம்.

சால்டரிங் பிடிக்கவும் மல்டிமீட்டரில் வோல்ட் பார்க்கவும் தெரியும் என்று வைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

முதலில் மீட்டரைக் கழற்றுவது

பேட்டரியின் மைனஸ் கிளிப்பைக் கழற்றிய பிறகுதான் டேஷ்போர்டுக்குள் கை. ஆம்பியர் மீட்டருக்கு வரும் இரண்டு ஒயரில் ஒன்று பிளஸ், ஒன்று எர்த் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டுமே பிளஸ்தான். மீட்டர் சர்க்யூட்டின் நடுவில் தொடராக உட்கார்ந்திருக்கிறது. அதனால் அதை எடுத்துவிட்டு அதே இரண்டு ஒயரில் வோல்ட் மீட்டரை மாட்டினால் வண்டி செத்த மாதிரி கிடக்கும், விளக்குகூட எரியாது.

இரண்டு ஒயரின் ரிங் லக்குகளையும் ஒரே போல்ட்டில் போட்டு, நைலான் வைத்த நட்டால் நன்றாக முறுக்கி, மேலே தடிமனான ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்கள். கறுப்பு இன்சுலேஷன் டேப் மட்டும் சுற்றிவிட்டு விடாதீர்கள். நம் ஊர் சித்திரை வெயிலில் அதன் பசை உருகி டேப் தானாக நழுவும், உள்ளே இருப்பதோ ஃபியூஸ் இல்லாத பிளஸ்.

டப்பாவைத் திறப்பது

முன்பக்க வளையத்தின் விளிம்பை டப்பாவின் மேல் மடித்து அழுத்தியிருப்பார்கள். சின்ன ஸ்க்ரூ டிரைவரால் ஒரே இடத்தில் நெம்பினால் வளையம் கோணிவிடும், அப்புறம் கண்ணாடி உட்காராது. ஒரு இடத்தில் ஒரு நூல் தூக்கு, அடுத்த இடத்துக்கு நகர், இப்படி முழு வட்டத்தையும் இரண்டு மூன்று சுற்று வந்தால் சேதமில்லாமல் கழன்றுவிடும்.

உள்ளே பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். ஒரு தடித்த பித்தளைப் பட்டை, பக்கத்தில் ஒரு சின்னக் காந்தம், ஒரு முள், அவ்வளவுதான். மெல்லிய கம்பி சுற்றிய காயில் கிடையாது. அதனால் இதற்கு ஒரு ரெசிஸ்டர் போட்டு வோல்ட் மீட்டராக்கும் வேலை நடக்காது. டப்பா, கண்ணாடி, வளையம் மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே வேறு மீட்டரைக் குடியேற்ற வேண்டும்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் 1 மில்லி ஆம்பியர் மூவிங் காயில் பேனல் மீட்டர் கேளுங்கள். போகும்போது காலி டப்பாவைக் கையோடு எடுத்துப் போய்க் கடையிலேயே வைத்துப் பாருங்கள். பழைய மீட்டர்தான் வேண்டும் என்றால் புதுப்பேட்டையிலும் தேடலாம், ஆனால் காயில் அறுந்ததா என்று மல்டிமீட்டரால் பார்த்துவிட்டு வாங்குங்கள். பேனல் மீட்டரைப் பிரித்த பிறகு அதன் பக்கத்தில் அரம் போடுவது, டிரில் போடுவது எதுவும் கூடாது. இரும்புத் தூள் ஒரு துளி காந்த இடைவெளிக்குள் போனால் முள் பாதியில் சிக்கிக்கொள்ளும்.

டயலுக்கு ஸ்டிக்கர் வேண்டாம். வெயிலில் அதன் ஓரம் தூக்கி முள்ளில் உரசும். பேனல் மீட்டரின் டயல் தகட்டைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் 10 முதல் 15 வரை சமமாகக் கோடு போட்டு எழுதுவதுதான் நல்லது.

சர்க்யூட்

சைபரிலிருந்து 15 வோல்ட் வரை காட்டும் மீட்டர் நமக்கு உதவாது. முழுசாகச் சார்ஜ் ஏறி ஓய்வில் இருக்கும் பேட்டரி 12.6 வோல்ட், பாதி சார்ஜ் 12.2, கிட்டத்தட்ட காலி என்றால் 11.9. நல்ல பேட்டரிக்கும் செத்த பேட்டரிக்கும் நடுவில் ஒரு வோல்ட்கூட இல்லை. அதனால் முதல் 10 வோல்ட்டை வெட்டிவிட்டு மிச்சத்தை மட்டும் முழு டயலுக்கும் விரிக்க வேண்டும்.

பலரும் இதற்கு 10 வோல்ட்டைப் பிடித்து வைக்கும் ஜீனர் டயோடு போடச் சொல்வார்கள். வேலை செய்யும், ஆனால் வெயிலில் நின்ற வண்டியில் ஜீனர் சூடானால் அதன் வோல்டேஜ் ஏறும். டிகிரிக்கு ஆறேழு மில்லி வோல்ட் என்றால், டேஷ்போர்டு முப்பது டிகிரி கூடும்போது மீட்டர் 0.2 வோல்ட் குறைத்துக் காட்டும். 12.6-க்கும் 12.4-க்கும் வித்தியாசம் பார்க்கத்தானே இவ்வளவு பாடு? சூட்டிலும் வோல்டேஜ் அவ்வளவாக நகராத டி.எல்.431 என்ற மூன்று கால் ஐ.சி. போடுங்கள், விலையும் அப்படி ஒன்றும் அதிகமில்லை.

அதன் கேத்தோடிலிருந்து ரெஃபரன்ஸ் காலுக்கு 30 கிலோ ஓம், ரெஃபரன்ஸிலிருந்து எர்த்துக்கு 10 கிலோ ஓம், இரண்டும் ஒரு சதவீத ரெசிஸ்டர். ஆனோடு நேராக எர்த்துக்கு. இப்போது கேத்தோடு 10 வோல்ட்டில் நிற்கும். பிளஸ்ஸிலிருந்து கேத்தோடுக்கு 220 ஓம், அரை வாட். அதே பிளஸ்ஸிலிருந்து இன்னொரு வழியாக 3.9 கிலோ ஓம், அதோடு 2 கிலோ ஓம் மல்டி டர்ன் பிரீசெட் (ஸ்க்ரூ டிரைவரால் திருப்பி அளவு மாற்றும் ரெசிஸ்டர்), பிறகு மீட்டர், மீட்டரின் மைனஸ் கேத்தோடில். 220 ஓம் எதற்கு என்று விட்டுவிடாதீர்கள், டி.எல்.431-க்கு ஒரு மில்லி ஆம்பியராவது ஓடினால்தான் அது ஒழுங்காக வேலை செய்யும். பிளஸ்ஸுக்கும் எர்த்துக்கும் குறுக்கே ஒரு பி6கேஇ24ஏ டயோடும் போட்டுவிட்டால் ஆல்டர்னேட்டர் அனுப்பும் அதிர்ச்சிகளுக்குப் பயப்பட வேண்டாம். சால்டரிங்குக்கு 25 வாட் சோல்ட்ரான் போதும், அதற்கு மேல் சூடு எடுத்தால் இந்தச் சின்னச் சாமான்கள் தாங்காது.

அளவு சரிசெய்ய பெஞ்ச் பவர் சப்ளை இல்லையா? 12 வோல்ட் அடாப்டரோடு இரண்டு பென்சில் செல்லைத் தொடராகச் சேருங்கள், 15 பக்கம் வரும். மல்டிமீட்டர் என்ன காட்டுகிறதோ அங்கே முள் நிற்கும்படி பிரீசெட்டைத் திருப்புங்கள். ஒரு செல்லை எடுத்துவிட்டு 13.5-இலும் பாருங்கள்.

ஒயரிங், என்னை ரொம்ப நேரம் நிறுத்தி வைத்த இடம்

மேஜையில் துல்லியமாகக் காட்டிய மீட்டர் வண்டியில் மாட்டியதும் குறைத்துக் காட்டியது. இக்னிஷன் சாவியின் பின்னாலிருந்து பிளஸ் எடுத்து, டேஷ்போர்டு தகட்டில் எர்த் கொடுத்திருந்தேன். எல்லாரும் அப்படித்தான் கொடுப்பார்கள். ஹெட்லைட்டும் வைப்பரும் ஓடும்போது பேட்டரி முனையில் 13.9, டேஷ்போர்டில் 13.2. சர்க்யூட்டைப் பிரித்துப் பிரித்து மாட்டினேன், அதில் ஒரு குறையும் இல்லை. வோல்ட் மீட்டர் தான் மாட்டப்பட்ட இடத்தில் இருப்பதைத்தான் காட்டும். பேட்டரியிலிருந்து சாவிக்கு வரும் பழைய ஒயர், சாவியின் தேய்ந்த காண்டாக்ட், துருப்பிடித்த எர்த் எல்லாமாகச் சேர்ந்து 0.7 வோல்ட்டை வழியிலேயே தின்றுவிடுகின்றன.

உங்கள் வண்டியில் எவ்வளவு போகிறது என்று பார்ப்பது சுலபம். மல்டிமீட்டரின் சிவப்பு முனையை பேட்டரி பிளஸ்ஸிலும் கறுப்பு முனையை மீட்டருக்கு வரும் பிளஸ்ஸிலும் வையுங்கள், எஞ்சின் ஓட, எல்லா விளக்கும் எரிய. தெரிவதுதான் இழப்பு. எர்த் பக்கமும் இதேபோல், பேட்டரி மைனஸுக்கும் மீட்டரின் எர்த்துக்கும் நடுவில். திருவான்மியூர், பெசன்ட் நகர் மாதிரி கடல் காற்று படும் இடத்தில் நிற்கும் வண்டி என்றால் எர்த் பக்கத்தை முதலில் பாருங்கள்.

தீர்வு ஒரு சாதாரண நாலு கால் ரிலே. பேட்டரி பிளஸ்ஸிலிருந்து நேராக, பேட்டரிக்குப் பக்கத்திலேயே 1 ஆம்பியர் ஃபியூஸ் வைத்து, ரிலேயில் 30 என்று எண் போட்ட காலுக்கு ஒரு ஒயர். 87-லிருந்து மீட்டருக்கு. 86 இக்னிஷனுக்கு, 85 எர்த்துக்கு. மீட்டரின் எர்த்தைத் தனி ஒயராக பேட்டரி மைனஸ் வரை கொண்டுபோங்கள். இப்போது சாவியின் வேலை ரிலேயை இழுப்பது மட்டும்தான்.

எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை இருந்தால் நிம்மதி. 14.8-ஐத் தாண்டி நின்றால் ரெகுலேட்டர் போய்விட்டது, ஆசிட் கொதிக்க ஆரம்பிக்கும் முன் பாருங்கள். வண்டியை நிறுத்தியவுடன் 12.9 காட்டினால் சந்தோஷப்பட வேண்டாம், சில மணி நேரம் கழித்துக் காட்டுவதுதான் கணக்கு.

பிற்சேர்க்கை

டைனமோ வண்டியில் சிக்னலில் நிற்கும்போது முள் 12.2-க்கு விழுகிறது என்று ஒருவர் பயந்துபோய்க் கேட்டிருந்தார். டைனமோ ஐடிலில் சார்ஜ் ஏற்றாது, ஆக்ஸிலேட்டர் கொடுத்ததும் ஏறினால் எல்லாம் சரி.

புது கார் வைத்திருக்கும் இன்னொருவர் இதையே செய்யலாமா என்றார். கம்ப்யூட்டர் ஓட்டும் மீட்டர் போர்டில் கை வைக்காதீர்கள். பல புது கார்களில் ஆல்டர்னேட்டர் வோல்டேஜே வேண்டுமென்றே ஏறி இறங்கும், அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் வீண் கவலைதான் மிச்சம்.

மீட்டரும் மல்டிமீட்டரும் அரை வோல்ட் ஒத்துப்போகவில்லை என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். இரண்டு பேருமே அந்த மலிவான மஞ்சள் மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள். அதற்குள் இருக்கும் 9 வோல்ட் பேட்டரி தேய்ந்துவிட்டால் அது எதையும் கூட்டித்தான் காட்டும். புது பேட்டரி போட்டு ஒரு தடவை அளந்துவிட்டு, பிறகு பிரீசெட்டில் கை வையுங்கள்.